மலைக்கும் இணையத்துக்கும் நடுவே ஒரு கேட்வே

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்க, அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் அமைந்த உச்சியோ 1,623 மீட்டரைத் தொடுகிறது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சென்று சேர்பவர் ஏறக்குறைய 8 டிகிரி வேறுபாட்டைக் கடந்திருப்பார். மழையின் வேறுபாடு இவ்வளவு எளிய கணக்குக்குள் அடங்குவதில்லை. மலைச்சரிவு காற்றை எதிர்கொள்கிறதா, காற்றுக்கு முதுகு காட்டுகிறதா என்பதைப் பொறுத்து, ஒரே மாலையில் அடுத்தடுத்த எஸ்டேட்டுகளில்கூட மழையளவு மாறும். சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820-களில் இங்கே அறிமுகப்படுத்திய காபிக்கு இந்த வேறுபாடு வெறும் புள்ளிவிவரம் அன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களில் போதிய கோடை மழை கிடைத்தால்தான் காபி மொட்டுகள் விரியும். விரிந்து சில வாரங்களுக்குள் இன்னொரு மழை கிடைத்தால்தான் பிஞ்சுகள் நிலைக்கும். பின்னர் பருவமழைக் காலத்தில் இலைகள் நெடுநேரம் ஈரமாகவே இருந்தால் இலைத்துரு நோய்ப் பூஞ்சை பரவும். அந்த நோய்க்கு எதிராகப் போர்டோ கலவையைத் தெளிக்க மழையில்லாத இடைவெளி ஒன்றும் வேண்டும்.

இத்தகைய முடிவுகளை எடுக்க இரு வகைத் தகவல்கள் தேவைப்படுகின்றன. தோட்டத்திலேயே பொருத்தப்பட்ட கருவிகள் அந்த இடத்தின் இன்றைய நிலையைச் சொல்லும். இணையத்தின் வழியாகக் கிடைக்கும் வானிலைச் சேவைகள் நாளைய வாய்ப்பைச் சொல்லும். இரண்டையும் ஓரிடத்தில் கூட்டி, வெளியிலிருந்து வருவதை உள்ளே வாங்கி, உள்ளே அளந்ததை வெளியே அனுப்பும் சிறு கணினியே கேட்வே எனப்படுகிறது. கருவிகள் தாமாகவே இணையத்தோடு இணைந்து தகவல் பரிமாறும் ஏற்பாட்டுக்குப் பொருள்களின் இணையம் என்று பெயர். அதன் நுழைவாயில் இந்தக் கேட்வே. அதை ஒரு வெளிச் சேவையோடு இணைப்பது, விளம்பரங்களில் சொல்லப்படுவதுபோல, அரைமணி நேர வேலைதான். ஆனால் இரு பக்கத்திலிருந்தும் வரும் எண்கள் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன என்று உறுதிசெய்வது அரைமணி நேர வேலையன்று. கேட்வே அமைப்பதன் முழுப் பாரமும் அங்கேதான் இருக்கிறது.

கருவிகளின் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மழைமானி, மண் ஈரம் அளக்கும் உணரி, இலை ஈர உணரி, வெப்பநிலையும் காற்றின் ஈரப்பதமும் அளக்கும் உணரி ஆகியவை தோட்டத்தின் வெவ்வேறு மூலைகளில் மின்கலத்தில் இயங்கும். இவை பெரும்பாலும் லோரா என்னும் குறைந்த மின்செலவு வானொலி முறையில் பேசுகின்றன. இந்தியாவில் இதற்கு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 2005 முதல் உரிமம் பெறாமலேயே பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டுள்ளது. தடையில்லாத வெளியில் இந்த அலை பல கிலோமீட்டர் செல்லும் என்றாலும், குறுக்கே ஒரு முகடு நின்றால் நின்றுவிடும். நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களின் நனைந்த இலைக்கூட்டமும் அதன் வலுவைக் குறைக்கும். எனவே கேட்வேயின் ஆன்டெனா தோட்டத்தின் உயரமான இடத்தில் அமைய வேண்டும். உயரமான இடத்தை இடியும் எளிதில் தாக்கும் என்பதால் இடிதாங்கியும் உடன் வேண்டும். மிகத் தொலைவுக்கான அமைப்பில் ஒரு செய்தியில் 51 பைட்டுகள்தான் அடங்கும் என்பதால், உணரி நீண்ட விவரம் எதையும் சொல்லாமல் எண்களை மட்டும் நெருக்கி அனுப்புகிறது. அந்த எண்களுக்கு இடம், நேரம், அலகு ஆகியவற்றைச் சேர்த்துப் பொருளுள்ள பதிவாக ஆக்குவது கேட்வேயின் முதல் கடமை.

மறுபக்கத்தில் இருப்பது ஏபிஐ. ஒரு நிறுவனத்தின் சர்வரிடம் இன்னொரு கணினி எந்த வடிவில் கேட்க வேண்டும், எந்த வடிவில் விடை வரும் என்பதை வரையறுக்கும் ஒப்பந்தம் அது. வங்கியில் பணம் எடுக்கும் சீட்டில் ஒவ்வொரு கட்டத்தையும் உரிய முறையில் நிரப்பினால்தான் காசாளர் ஏற்பதுபோல, சேவையின் முகவரி, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, வேண்டிய அளவைகளின் பெயர், பெரும்பாலும் கேட்பவரின் அடையாளச் சாவி ஆகியவை உரிய வடிவில் சென்றால்தான் சர்வர் விடை தரும். விடை பெரும்பாலும் ஜேசான் என்னும் எளிய எழுத்து வடிவில், ஒவ்வொரு அளவையின் பெயரும் அதன் மதிப்புமாக அடுக்கப்பட்டு வரும். தொடர்ந்து சிறுசிறு செய்திகளைப் பரிமாற எம்க்யூடிடி என்னும் வேறொரு முறையும் உண்டு; தொலைவிலுள்ள எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க 1999-இல் உருவாக்கப்பட்ட அது, இன்று உலக வானிலை அமைப்பு தன் உறுப்பு நாடுகளிடையே தகவல் பரிமாறும் புதிய வலையமைப்பிலும் பயன்படுகிறது.

மலைச்சரிவிலுள்ள உணரிகளை வெளி உலகத்தோடு இணைக்கும் முயற்சி தென்னிந்தியாவுக்குப் புதியதன்று. தமிழர்கள் பெருமளவில் வாழும் மூணாற்றில், அந்தோணியார் காலனி என்னும் குடியிருப்புக்கு மேலுள்ள சரிவில், அமிர்தா விஸ்வ வித்யாபீடம் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் நிலச்சரிவை முன்னறியும் கம்பியில்லா உணரி வலையமைப்பை நிறுவியது. மண்ணுக்குள் ஆழமாக இறக்கப்பட்ட குழாய்களில் நீரழுத்தத்தையும் சாய்வையும் அளக்கும் உணரிகள் பொருத்தப்பட்டு, அவற்றின் அளவுகள் சரிவிலுள்ள கேட்வேயில் சேர்ந்து, வைஃபை வழியாகக் கீழுள்ள மையத்துக்கும், அங்கிருந்து செயற்கைக்கோள் இணைப்பில் கொல்லம் மாவட்டத்திலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கும் சென்றன. அத்திட்டத்தை வகுத்தவர்கள் ஒரே பாதையை நம்பாமல் மாற்றுப் பாதைகளையும் வைத்திருந்தார்கள் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. மழை கடுமையாகும்போதுதான் தகவல் தேவைப்படுகிறது, மழை கடுமையாகும்போதுதான் இணைப்பும் அறுகிறது.

ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, வெளிச் சேவை தரும் எண் எந்த இடத்துக்குரியது என்பது. கணிப்பு மாதிரிகள் நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்ற முறையிலேயே கணக்கிடுகின்றன. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி உலகுக்கு இலவசமாக வெளியிடும் கோப்புகளில் கட்டத்தின் பக்கம் கால் டிகிரி, அதாவது ஏறக்குறைய 28 கிலோமீட்டர். ஒரு கட்டத்தின் பரப்பு சுமார் 750 சதுர கிலோமீட்டர். ஏற்காடு வட்டத்தின் மொத்தப் பரப்போ காப்புக்காடுகளையும் சேர்த்து 382.67 சதுர கிலோமீட்டர்தான். முழு மலையும் ஒரு கட்டத்தில் பாதியளவே என்பதால், மலையும் சமவெளியும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன. 2025 மே மாதம் இந்தியா அறிமுகப்படுத்திய பாரத் கணிப்பு முறைமை கட்டத்தின் பக்கத்தை 6 கிலோமீட்டராகக் குறைத்திருப்பது பெரிய முன்னேற்றம். எனினும் ஓர் எஸ்டேட்டின் இரு சரிவுகளைப் பிரித்துக் காட்ட அதுவும் போதாது.

சில சேவைகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குச் சாவி கேட்காமலே விடை தரும் ஓப்பன்-மீட்டியோ, கேட்ட இடத்தின் உயரத்தை 90 மீட்டர் நுணுக்கமுள்ள நிலவடிவ வரைபடத்திலிருந்து எடுத்து, அதற்கேற்ப வெப்பநிலையைத் திருத்தித் தருகிறது. தோட்டத்தின் உயரம் துல்லியமாகத் தெரிந்திருந்தால் அதைக் கேள்வியிலேயே சேர்த்து அனுப்பவும் இடமுண்டு. விடையோடு, தான் உண்மையில் எந்தக் கட்டத்தைப் பயன்படுத்தியது என்பதையும் அது தெரிவிக்கிறது. அந்தக் கட்டத்தின் மையம் கேட்ட புள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கக்கூடும். கேட்வேயை அமைப்பவர் பலரும் விடையில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்று மதிப்புகளையும் தேவையற்றவை என்று கருதி விட்டுவிடுகிறார்கள். மலைப்பகுதியில் அவற்றை ஒவ்வொரு பதிவோடும் சேமிக்க வேண்டும். உயரத் திருத்தம் வெப்பநிலைக்குப் பயன்படுமே தவிர மழைக்குப் பயன்படாது என்பதும் உடன் நினைவிலிருக்க வேண்டும்.

நேரம் இன்னும் வஞ்சகமானது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை; முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது அன்றைய மழையாகப் பதிவாகிறது. 8.30 என்னும் விந்தையான நேரத்துக்குக் காரணம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய ஒருங்கிணைந்த உலக நேரத்தில் அது சரியாக 3 மணி என்பதே. இணையச் சேவைகள் பலவற்றில், வேறு நேர மண்டலம் குறிப்பிடப்படாவிட்டால், நாள் என்பது உலக நேர நள்ளிரவில், அதாவது இங்கே காலை 5.30-க்குத் தொடங்கும். டிசம்பர் 1 மாலை 6 மணிக்குப் பெய்த மழை நாட்காட்டிக்கும் உலக நேரத்துக்கும் டிசம்பர் 1-இன் மழை. வானிலைத் துறைக்கு டிசம்பர் 2-இன் மழை. மறுநாள் அதிகாலை 2 மணிக்குப் பெய்ததோ நாட்காட்டிக்கும் துறைக்கும் டிசம்பர் 2-க்குரியது. உலக நேரத்துக்கு மட்டும் டிசம்பர் 1-க்குரியது. மூன்று கணக்குகளும் தம்மளவில் சரியானவை என்பதால் எந்தக் கருவியும் பிழை என்று எச்சரிக்காது; ஒப்பிட்டுப் பார்ப்பவர் கணிப்பே தவறு என்று முடிவு கட்டிவிடுவார். கேட்வே எல்லாப் பதிவுகளையும் உலக நேரத்திலேயே சேமித்து, காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுவதும், நாள் மொத்தங்களை வெளியிலிருந்து வாங்காமல் மணிவாரி அளவுகளை வாங்கித் தானே 8.30 எல்லையில் கூட்டுவதும் இதற்கான தீர்வு.

கேட்வேயின் கடிகாரம் சரியாக இருந்தால்தான் இந்தத் தீர்வு பயன்படும். மலிவான சிறு கணினிகள் பலவற்றில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் திரும்பியதும் அவை பழைய தேதி ஒன்றில் விழித்தெழும். பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனைச் சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு என்பதால், பழைய தேதியில் இருக்கும் கேட்வே அச்சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கருதி இணைய மறுத்துவிடும். சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாத, மின்கலம் பொருத்திய கடிகாரச் சில்லு ஒன்று இந்தச் சிக்கலை ஒழிக்கும். கேட்வே நம்பும் மூலச் சான்றிதழ்களின் பட்டியலும் காலாவதியாகும்: 2021 செப்டம்பர் 30 அன்று, உலகின் பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல நாடுகளில் ஒரே நாளில் இணைப்பை இழந்தன. பொருத்திய பின் மறந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு கேட்வேயை மலையில் ஏற்றக் கூடாது.

அளவு அலகுகளின் குழப்பம் எளிதில் கண்டுகொள்ளத்தக்கது. ஓப்பன்வெதர்மேப் சேவை, வேறு அலகு கேட்காவிட்டால் வெப்பநிலையைக் கெல்வினில் தரும் என்பதால், ஏற்காட்டில் 293 டிகிரி என்று திரையில் தோன்றினால் எவரும் திகைத்துத் திருத்திவிடுவர். கண்டுகொள்ள முடியாதது பூச்சியத்தின் குழப்பம். மழைமானியிடமிருந்து செய்தி வரவில்லை என்பதும், மழை பெய்யவில்லை என்பதும் முற்றிலும் வேறானவை. வராத மதிப்பை 0 என்று நிரப்பும் வழக்கம் நிரலாளர்களிடையே பரவலாக உள்ளது. அவ்வாறு நிரப்பிய பதிவு ஏபிஐ வழியாக வேறொரு சேவைக்குச் சென்றுவிட்டால், மலையில் பெருமழை பெய்து மழைமானியே விழுந்து கிடந்த நாள் மழையற்ற நாளாக நிலைபெற்றுவிடும். ஜேசானில் வெறுமை என்பதற்கெனத் தனிக் குறியீடு உண்டு. அதையே அனுப்ப வேண்டும். இதே வகையில், 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை சாயும் சிறு முகவையைக் கொண்ட மழைமானி, தான் மொத்தம் எத்தனை முறை சாய்ந்தது என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. மின்கலம் மாற்றியதும் எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கினால், முந்தைய எண்ணைக் கழிக்கும் கேட்வே எதிர்மறை மழையைக் கணக்கிட்டுவிடும்.

வெளிச் சேவையை எத்தனை முறை கேட்க வேண்டும் என்பதிலும் நிதானம் வேண்டும். ஜிஎஃப்எஸ் போன்ற மாதிரிகள் நாளுக்கு நான்கு முறைதான் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாலும் அதே விடைதான் வரும். அளவுக்கு மீறிக் கேட்டால் சர்வர் 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். போதும், பிறகு வருக என்பது அதன் பொருள். 401 என்றால் சாவி செல்லாது. 503 என்றால் சேவை தற்காலிகமாக இயங்கவில்லை. இம்மூன்றையும் ஒரே தோல்வியாகக் கருதி உடனுக்குடன் மீண்டும் முயல்வது மோசமான அமைப்பு. செல்லாத சாவியோடு ஆயிரம் முறை கேட்டாலும் கதவு திறக்காது. அங்கே முயற்சியை நிறுத்திப் பொறுப்பாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். மற்ற இரண்டுக்கும் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி முயல்வதே முறை.

இணைப்பு நெடுநேரம் அறும் நாள்களைக் கருதித்தான் கேட்வேயில் சேமிப்பிடம் தேவைப்படுகிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் எச்சம், அடுத்த இரு நாள்களில் வட உள் மாவட்டங்களின் மீது நகர்ந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நின்றது. இத்தகைய நாளில் சிம் கார்டு இணைப்பு பல மணி நேரம் இல்லாமற்போகலாம் என்று கொண்டே கேட்வேயை அமைக்க வேண்டும்: அளவுகள் உள்ளேயே வரிசையில் சேர்ந்து, இணைப்பு மீண்டதும் பழையதிலிருந்து புதியது வரை அனுப்பப்பட வேண்டும். இதில் நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. பதிவு சர்வரைச் சென்றடைந்து, பெற்றுக்கொண்டேன் என்ற விடை மட்டும் வழியில் தொலைந்துபோனால், கேட்வே அதே பதிவை மீண்டும் அனுப்பும். சர்வர் இரண்டையும் கூட்டினால் மழை இரட்டிப்பாகும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் புறக்கணிக்கும்படி மறுமுனையோடு உடன்பாடு செய்துகொள்வதே இதற்கு மாற்று.

எச்சரிக்கைகளை உள்ளே வாங்குவதில் வேறொரு தடை எதிர்ப்படும். சிம் கார்டு வழியாக இணையும் கேட்வேக்குப் பெரும்பாலும் தனக்கென ஒரு பொது முகவரி கிடையாது. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்வதால், வெளியிலுள்ள சர்வர் தானாகவே அதை அழைக்க முடியாது. கேட்வேதான் அவ்வப்போது சென்று கேட்க வேண்டும், அல்லது தானே ஓர் எம்க்யூடிடி இணைப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இதைக் குறை என்று கருதுவதைவிடக் காப்பு என்று கருதலாம். ஆலை அமைத்த கடவுச்சொல்லோடு இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் 2016-இல் மிராய் என்னும் தீநிரல் லட்சக்கணக்கில் கைப்பற்றியது, அவை வெளியிலிருந்து எளிதில் எட்டக்கூடியவையாக இருந்ததால்தான். இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம், உலகப் பொது வடிவமான சிஏபி முறையில் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. நிகழ்வு, அவசரம், கடுமை, எந்தப் பரப்புக்குரியது, எந்த நேரம் வரை செல்லும் என்பன அதில் தனித்தனிக் கூறுகளாக இருப்பதால், தோட்டம் அந்தப் பரப்புக்குள் வருகிறதா என்பதைக் கேட்வேயே சோதித்துக்கொள்ள முடியும். காலம் முடிந்த எச்சரிக்கையைத் திரையிலிருந்து நீக்கும் விதியையும் எழுதி வைக்க வேண்டும். நேற்றைய எச்சரிக்கை இன்றும் ஒளிர்ந்துகொண்டிருந்தால், நாளையதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

வெளிச் சேவை எதுவும் நிரந்தரமன்று. பல நாடுகளின் செயலிகள் நம்பியிருந்த டார்க் ஸ்கை என்னும் வானிலைச் சேவையை ஆப்பிள் நிறுவனம் 2020-இல் வாங்கி, அதன் ஏபிஐயை 2023 மார்ச் 31-உடன் மூடிவிட்டது. சேவையின் பெயரும் வடிவமும் கேட்வேயின் எல்லா விதிகளிலும் ஊடுருவியிருந்தால் ஒவ்வொரு முறையும் முழு அமைப்பையும் பிரித்துப் போட வேண்டிவரும். வெளியிலிருந்து வருவதை உள்ளுக்குரிய வடிவத்துக்கு மாற்றும் பகுதியைத் தனியாக வைத்தால், சேவை மாறும்போது அப்பகுதியை மட்டும் மாற்றினால் போதும். கம்பிகளையும் கட்டங்களையும் திரையில் இணைத்தே இத்தகைய மாற்றங்களைச் செய்ய உதவும் நோட்-ரெட் போன்ற இலவசக் கருவிகள் இருப்பதால், எஸ்டேட் அலுவலகத்தில் கணினி பழகிய ஒருவரே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

இவ்வாறு இடமும் நேரமும் அலகும் ஒத்துப்போகும்படி அமைந்த கேட்வே ஓராண்டு இயங்கினால், கணிக்கப்பட்ட மழையும் மழைமானியில் விழுந்த மழையும் ஒரே வரிசையில் அருகருகே சேர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவத்தில் கணிப்பு இந்தச் சரிவுக்குக் கூடுதலாகச் சொல்கிறதா, வடகிழக்குப் பருவத்தில் குறைவாகச் சொல்கிறதா என்பதை அந்த வரிசையைக் கொண்டே கணக்கிட்டு, அடுத்த ஆண்டு போர்டோ கலவை தெளிப்பதற்கான நாளைத் தேர்வு செய்யும் விதியில் அந்தத் திருத்தத்தை எழுதலாம். அதற்கு இன்னொரு சேவையின் அனுமதியோ சாவியோ தேவையில்லை.